குடியிருப்பவரின் கடமை: கண்ணமங்கலத்து வாடகை வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வீட்டை வாடகைக்கு விடுகிற ஒருவரிடம், நல்ல குடித்தனக்காரர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். மாதம் பிறந்ததும் வாடகை தர வேண்டும், சத்தம் கூடாது, தொந்தரவு கூடாது. முதல் இரண்டில் கருத்து வேறுபாடு யாருக்கும் இருக்காது. மூன்றாவதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது. தொந்தரவு என்று வீட்டுக்காரர்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்டால், அதில் பெரும்பகுதி குடியிருப்பவர் வந்து எதையாவது சொல்வதுதான். குழாய் ஒழுகுகிறது, சுவரில் ஈரம் ஏறுகிறது, இந்த மாதம் பணம் பத்து நாள் தள்ளிப்போகும், அடுத்த வாரம் ஊரிலிருந்து ஆள் வருகிறார்கள். இவை எதையும் சொல்லாமல் இருப்பவர் நல்லவர் என்று பெயர் வாங்குகிறார்.

இக்கட்டுரை அந்த மதிப்பீட்டை மறுக்கிறது. உரிய நேரத்தில் சொல்வதே வாடகைக்குக் குடியிருப்பவரின் முதற்கடமை. ஒழுங்காகப் பணம் கட்டுவது, வீட்டைப் பேணுவது, முறையாக வெளியேறுவது ஆகிய மற்றக் கடமைகள் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் வாதம்.

2. களம்

கண்ணமங்கலம் திருவண்ணாமலை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தை ஒட்டி இருக்கும் பேரூராட்சி. வேலூரிலிருந்து தெற்கே வரும் சாலை இங்கே பிரிந்து ஒன்று ஆரணிக்கும் மற்றொன்று சந்தவாசல், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கும் போகிறது. காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் ஊருக்கு ஒரு நிலையம் உண்டு. மலையிலிருந்து இறங்கும் நாகநதி இவ்வழியே ஆரணிப் பக்கம் செல்கிறது.

இப்படிப்பட்ட சாலைச் சந்திப்பு ஊர்களில் வாடகைக்கு வருகிறவர்கள் ஒரே வகையினர் அல்லர். மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் ஒருபுறம். வேலூரில் மருத்துவமனையிலோ கல்லூரியிலோ வேலை பார்த்துக்கொண்டு, நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் பஸ்ஸில் போய்வரும் குடும்பங்கள் இன்னொருபுறம். ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு என்று பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் பக்கத்தில் இருப்பதால், வீட்டுக்குள்ளேயே தொழில் செய்பவர்களும் இவ்வட்டாரத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். படிப்புக்கும் வேலைக்கும் மலையிலிருந்து இறங்கி வரும் பழங்குடி இளைஞர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர் பெரும்பாலும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ பக்கத்து மனையிலோ இருப்பவர். சென்னை அடுக்ககத்தில் உரிமையாளரை ஆண்டுக்கு ஒருமுறை தொலைபேசியில் மட்டும் கேட்டுப் பழகியவருக்கு இந்த நெருக்கம் புதிது. இங்கே ஒரே மோட்டார், ஒரே மொட்டைமாடி, சில வீடுகளில் ஒரே மின் அளவி. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடுவதன் விளைவு இங்கே இரண்டு குடும்பங்களையும் உடனே தொடுகிறது.

3. சட்டம் வரையும் குடியிருப்பவர்

3.1. இந்தியாவில் வாடகை உறவின் அடிப்படைச் சட்டம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108ஆம் பிரிவு குத்தகைக்கு விடுபவர், எடுப்பவர் இருவரின் உரிமைகளையும் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. சாதாரண முன்யோசனை உள்ள ஒருவர் தம் சொந்தச் சொத்தை எப்படிப் பயன்படுத்துவாரோ அப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது எடுப்பவருக்கு அது தரும் அளவுகோல். பலர் நினைவில் வைத்திருப்பது இந்த வரியை மட்டுமே. அதே பிரிவில் கவனிக்கப்படாத இரண்டு செய்திகள் உள்ளன. சொத்தை யாராவது ஆக்கிரமிக்கிறார்கள், அல்லது அதற்கு உரிமை கோருகிறார்கள் என்று தெரிந்தால் குடியிருப்பவர் நியாயமான விரைவோடு உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதுவேலையை, அறிவிப்பு கொடுத்தும் நியாயமான காலத்தில் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். இரண்டாவதில் உள்ள வரிசை முக்கியமானது. கழிக்கும் உரிமை தெரிவித்த பிறகுதான் பிறக்கிறது. வாய்திறக்காதவருக்கு அந்த உரிமையே இல்லை.

3.2. இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் வாடகை ஆணைகளில் தொடங்கி, 1946, 1949, 1960ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை சென்னை மாகாணத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலும் அரசின் நோக்கம் வாடகையைக் கட்டுப்படுத்துவதும் வெளியேற்றத்தைத் தடுப்பதுமாக இருந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்ததுதான் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம், எழுத்து ஒப்பந்தத்தை மையமாக வைக்கிறது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்; வாடகை வாங்கினால் ரசீது தர வேண்டும்; எழுத்து மூலம் ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது; சேதம் ஏற்பட்டால் குடியிருப்பவர் தெரிவிக்க வேண்டும்; வீட்டைப் பார்க்க வர விரும்பும் உரிமையாளரும் முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும். சண்டை வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை.

3.3. ஊர்வழக்கில் இன்றும் பதினொரு மாத ஒப்பந்தமே எழுதப்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு சொல்வதிலிருந்து தப்பிக்கப் பிறந்த வழக்கம் அது. முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பீரோவில் போய்விடும் அந்தத் தாளில் வாடகை, அட்வான்ஸ் தொகை, வாடகை உயரும் விகிதம் மூன்றும் இருக்கும். ஓடு உடைந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது இருக்காது.

4. வாடகைப் பணம்

வாடகையைத் தவறாமல் கட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆராயவேண்டியது தவறும் மாதத்தைத்தான். தினக்கூலியோ கமிஷனோ வாங்குபவர், கூலி அளந்து வாங்கும் நெசவாளர், புதிதாக வேலைக்குச் சேர்ந்து முதற்சம்பளம் தாமதமாகும் ஆசிரியர் எனத் தவறும் மாதம் எந்த நல்லவருக்கும் வரும்.

இங்கே 1985இல் உச்ச நீதிமன்றம் சுந்தரம் பிள்ளை எதிர் பட்டாபிராமன் வழக்கில் அளித்த தீர்ப்பு துணைசெய்கிறது. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் 'வேண்டுமென்றே செய்த தவறு' என்ற கருத்தை அது விளக்கியது. வாடகை தவறுவது வேறு, தெரிந்தே, கணக்குப்போட்டு, கடமையை அலட்சியம் செய்து தவறுவது வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. உரிமையாளர் அறிவிப்பு அனுப்பிய பிறகும் இரண்டு மாதம் பணம் வராமல் இருந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளும் விளக்கமும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. அந்தச் சட்டம் இன்று இல்லை. புதிய சட்டத்தில் இரண்டு மாத நிலுவை வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாகிறது. ஆனால் தவறுக்கும் அலட்சியத்துக்கும் இடையே அன்று போடப்பட்ட கோடு, எல்லா வாடகை வீட்டு வாசலிலும் இன்றும் செல்லும்.

நடைமுறையில் அந்தக் கோட்டைத் தீர்மானிப்பது தேதி. ஐந்தாம் தேதி கொடுக்க வேண்டிய பணத்தை இருபதாம் தேதிதான் தர முடியும் என்பது, மாதம் பிறக்கும் முன்பே குடியிருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்காரரும் அந்த வாடகையை நம்பி வீட்டுக்கடன் தவணையையோ சீட்டுப் பணத்தையோ வைத்திருப்பார். முதல் தேதியே "அண்ணே, இந்த மாசம் இருபதாம் தேதிதான் முடியும்" என்று சொல்பவரால் அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்ள முடிகிறது. இருபதாம் தேதி வரை மாடிப்படியில் எதிர்ப்படாமல் ஒதுங்கிப் போகிறவர், பணத்தைக் கொடுத்துவிட்ட பிறகும் நம்பிக்கையைத் திரும்ப வாங்க முடிவதில்லை. தாமதம் இருவருக்கும் ஒரே அளவுதான்.

5. பழுது

5.1. யார் செலவு என்ற கேள்விக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விடை தருகிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுண்ணாம்படித்தல், கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், மின்கம்பிகளைப் புதுப்பித்தல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகு, வாஷர், சுவிட்ச், பிளக் சாக்கெட், கழிப்பறைச் சாதனப் பழுது, சாக்கடை அடைப்பு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. எழுத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அதுவே செல்லும். பத்து ரூபாய் வாஷருக்காக மாதக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்த ஒரு பக்க அட்டவணையைப் படித்துக் காட்டினாலே போதும்.

5.2. அட்டவணை தொடாத கேள்விதான் கடினமானது. பழுது பெரிதாகும் வரை யாருக்குத் தெரிந்திருந்தது? மொட்டைமாடியில் தளம் வெடித்து மழைநீர் இறங்கும்போது முதலில் தெரிவது படுக்கையறை மூலையில் ஒரு கரும்பச்சைப் படலம். அந்த நிலையில் வெடிப்பை அடைத்துப் பூசினால் வேலை ஒரு நாளில் முடியும். இரண்டு ஐப்பசி கார்த்திகை கடந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும்; வீங்கிய கம்பி காரையை உதிர்த்துத் தள்ளும்; அப்போது கூரையின் அடிப்பகுதியையே கொத்தி எடுத்துப் பூச வேண்டிவரும். மேலே நீர்த்தொட்டி, கீழே அலமாரி என்று நெருக்கிக் கட்டிய சிறு வீடுகளில் அலமாரிக்குப் பின்னால் பரவும் ஈரத்தை உரிமையாளர் பார்க்க வழியே இல்லை. அந்தச் சுவருக்குக் கண் குடியிருப்பவர் மட்டும்தான்.

ஜெர்மனியின் உரிமையியல் சட்டத் தொகுப்பு இதைத் தனி விதியாகவே எழுதியிருக்கிறது. 536-சி பிரிவின்படி, வாடகை வீட்டில் குறை தென்பட்டால் குடியிருப்பவர் தாமதமின்றி உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காததால் சேதம் வளர்ந்தால் அந்தச் சேதத்துக்கு ஈடு தர வேண்டும். அதனால் உரிமையாளர் சரிசெய்ய முடியாமல் போயிருந்தால், குறையைக் காட்டி வாடகையைக் குறைத்துக்கொள்ளும் உரிமையையும் இழக்கிறார். பெருமளவு மக்கள் வாழ்நாள் முழுவதும் வாடகை வீட்டிலேயே வாழும் நாடு அது. நெடுங்காலக் குடியிருப்பு எதனால் நிலைக்கிறது என்பதை அங்கே சட்டமாக்கியிருக்கிறார்கள்.

நம் ஊரில் குடியிருப்பவர் சொல்லத் தயங்குவதற்கு உண்மையான காரணம் உண்டு. சொன்னால் "நீங்கதான் சரியா பார்த்துக்கல" என்ற பதில் வரும். அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் இருக்கும். வசதியில்லை என்றால் காலி பண்ணுங்க என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். இந்த அனுபவம் பெற்ற ஒருவர் அடுத்த வீட்டிலும் வாயை மூடிக்கொள்கிறார். ஆகவே சொல்லும் கடமையைக் குடியிருப்பவர்மீது சுமத்தும்போது, கேட்கும் கடமையை உரிமையாளர்மீது அதே எடையோடு சுமத்தியாக வேண்டும். பழுதைச் சொன்ன நாளே அதைக் குற்ற விசாரணையாக மாற்றும் வீட்டுக்காரருக்கு நல்ல குடித்தனக்காரர் அமைய மாட்டார்.

6. தறிக்குழி

இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு நிலையை விரிவாகப் பார்க்க வேண்டும். குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை இயக்குவார். அதற்குத் தரையைத் தோண்ட வேண்டும். தறிக்கால்களை ஊன்ற வேண்டும். ஜக்கார்டுப் பெட்டி வைத்த தறி என்றால் தலைக்குமேல் உயரமும், எடை தாங்கும் அமைப்பும் வேண்டும். பாவு நீட்டிக் கட்ட நீளமான கூடம் வேண்டும். ஆக, நெசவாளர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது என்பது அதன் தரையைத் திறப்பதாகும். வேறெந்தத் தொழில்செய்யும் குடியிருப்பவரும் வீட்டின்மீது இவ்வளவு ஆழமாகக் கைவைப்பதில்லை.

சட்டப்படி பார்த்தால், உரிமையாளரின் இசைவு இல்லாமல் நிலையான கட்டுமானம் எதையும் குடியிருப்பவர் எழுப்பக்கூடாது. தாம் பொருத்தியதைப் போகும்போது எடுத்துச்செல்லலாம். ஆனால் இடத்தைப் பெற்றபோது இருந்த நிலையில் விட வேண்டும். இரண்டும் 108ஆம் பிரிவிலேயே உள்ளன. தறி தனக்கு, தரை வீட்டுக்காரருக்கு என்று இதைச் சுருக்கிக் கொள்ளலாம்.

தரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிய வேலை அன்று. குழியை மண்ணைக் கொட்டி மூடி, மேலே சிமென்ட் பூசிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு மண் இறங்கித் தரை குழிந்துவிடும். சிறுசிறு அடுக்காக மண்ணிட்டு, நீர்விட்டு, திம்சு போட்டு இறுக்கிய பிறகே மேல்தளம் போட வேண்டும். இதை யார், எந்தச் செலவில் செய்வது என்பதைக் குழி தோண்டும் முன்பே பேசிவிடும் நெசவாளரையே நான் இந்த ஆய்வின் சிறந்த சான்றாகக் கொள்கிறேன். தன் தொழில் வீட்டை என்ன செய்யும் என்பதை மறைக்காமல் முதல் நாளே வைத்துவிடுகிறார். மழைக்காலத்தில் குழிக்குள் ஈரம் ஊறி வேலை நின்றுபோவதை வீட்டுக்காரரும் அப்போதே அறிந்துகொள்கிறார். அந்த மாதங்களில் வாடகை ஏன் தள்ளிப்போகலாம் என்பதும் அவருக்கு முன்கூட்டியே புரிந்துவிடுகிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த கட்டணமில்லா மின்சாரம் 2023இல் 300 யூனிட்டாக உயர்ந்தது. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் வீட்டில் இதைப் பெற வேண்டுமென்றால் அவரோடு பேசித்தான் ஆக வேண்டும்.

நெசவாளருக்கு வீடு கொடுக்கத் தயங்குபவர்கள் தறிச்சத்தத்தைக் காரணம் காட்டுவதுண்டு. பட்டுக்குப் பெயர்பெற்ற ஒரு வட்டாரத்தில் அந்தத் தயக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. இரவு எத்தனை மணிக்குத் தறியை நிறுத்துவது என்று பேசி முடிவு செய்துவிட்டால் தீர்ந்துவிடும் விஷயம் அது.

7. மின்சாரம், தண்ணீர், விருந்தாளிகள்

2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் இரண்டு குடும்பங்கள் இருந்தால் அந்த நூறைப் பங்கிட வேண்டியிருக்கிறது. அதோடு, இரண்டு வீட்டுப் பயன்பாடும் ஒன்றாகக் கூடி உயர்ந்த கட்டணப் படிக்குப் போய்விடுகிறது. துணை அளவி வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வழக்கத்தில் எழும் சந்தேகங்களுக்கெல்லாம் எளிய மருந்து, இருவரும் ஒரே நாளில் சேர்ந்து நின்று எண்ணைக் குறித்துக்கொள்வது. ஏசியோ இண்டக்‌ஷன் அடுப்போ புதிதாக வாங்கினால் முன்பே சொல்லிவிட வேண்டும். பழைய கம்பி அந்தச் சுமையைத் தாங்குமா என்பது கட்டடத்தின் பாதுகாப்பு பற்றிய கேள்வி.

தண்ணீரில் பெரிய சிக்கல் இல்லை. மோட்டார் போடும் நேரத்தை ஒத்துக்கொண்டால் போதும். விருந்தாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் உறவினர்கள் சுற்றுவட்டாரத்தில் தங்குவது இயல்பு. அவர்களைத் தடுக்கும் உரிமை எந்த வீட்டுக்காரருக்கும் இல்லை. எட்டுப் பேர் மூன்று நாள் இருப்பார்கள் என்று வீட்டுக்கார அக்காவிடம் ஒரு சொல் சொல்லி வைத்தால் தொட்டி நிரப்ப அவருக்கும் வசதி.

8. போக்கியம்

வட மாவட்டங்களில் மாத வாடகைக்கு மாற்றாகப் போக்கியம் பரவலாக இருக்கிறது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுவது. சட்டத்தின் பார்வையில் இது அனுபவ அடமானத்தை ஒத்தது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அத்தகைய அடமானத்துக்குப் பதிவுப் பத்திரம் வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு கூறுகிறது. முத்திரைத்தாளோடு நிறுத்திக்கொள்பவர்கள் பிள்ளையின் திருமணத்துக்குச் சேர்த்த தொகையை ஒரு தாளை நம்பிக் கொடுக்கிறார்கள்.

போக்கியத்துக்கு இருப்பவரின் நடத்தையில் ஒரு தனி ஆபத்து உண்டு. மாதந்தோறும் பணம் கைமாறாததால் இருவரும் சந்திக்கும் வாய்ப்பே குறைகிறது. பழுது சொல்லப்படுவதில்லை, வீட்டின்மேல் வங்கிக் கடன் ஏறியிருப்பதும் தெரிவதில்லை. வீட்டுக்காரர் தொகையைச் செலவழித்துவிட்டிருப்பார். அடுத்த போக்கியக்காரர் கிடைத்தால்தான் முன்னவருக்குப் பணம் வரும். எனவே போக்கியத்துக்கு இருப்பவர் காலி செய்யும் எண்ணத்தை, மாத வாடகைக்காரரைவிடப் பல மாதங்கள் முன்பே தெரிவிக்க வேண்டும். இது அவருடைய பணத்தின் பாதுகாப்புக்கே தேவைப்படுகிறது.

9. வீட்டுக்காரரின் அச்சங்கள்

9.1. பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் வீடு அவருக்கே போய்விடும் என்ற நம்பிக்கை ஊர்தோறும் இருக்கிறது. இதனால் நல்ல குடும்பத்தையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிளப்பிவிடுகிறார்கள். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் பன்னிரண்டு ஆண்டு விதி, உரிமையாளருக்கு எதிராகத் தம் உரிமையை நிறுவி அனுபவிப்பவரைப் பற்றியது. வாடகைதாரரின் இருப்பு உரிமையாளரின் அனுமதியால் வந்தது. வாடகை உறவு தொடரும்வரை, குடிபுகும்போது உரிமையாளருக்கு இருந்த உரிமையை அவர் மறுக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 116ஆம் பிரிவில் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கருத்தைத் தொடர்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் ரசீது கேட்பதும் வீட்டுக்காரரின் உரிமையை ஆண்டுதோறும் எழுத்தில் ஒப்புக்கொள்வதாகும். ரசீது கேட்பவரை வில்லங்கம் பிடித்தவர் என்று நினைப்பது தலைகீழான கணிப்பு.

9.2. இன்னொரு அச்சம் சட்டத்தால் தீராதது. வீடு பார்க்கப் போனவரிடம் அறை எத்தனை வேண்டும் என்று கேட்கும் முன்பே "நீங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்வி வருகிறது. மலையிலிருந்து வந்த இளைஞருக்கும், பட்டியல் சாதிக் குடும்பத்துக்கும், இஸ்லாமியருக்கும், கணவரைப் பிரிந்து குழந்தையோடு வாழும் பெண்ணுக்கும் டூலெட் பலகை தொங்கும் வீடே திடீரென்று ஆள் வந்துவிட்ட வீடாகிறது. மேலே பார்த்த கடமைகளுள் எதுவும், தேதியில் பணம், பழுதைத் தெரிவித்தல், இசைவு கேட்டல், முறையாக வெளியேறுதல் எதுவுமே பிறப்பால் வருவது அல்ல. பிறப்பைக் கேட்டு வடிகட்டும் வீட்டுக்காரர் தமக்கு வேண்டிய ஒரு தகவலையும் பெறவில்லை. அதே நேரத்தில் ஒருவரின் மனிதத்தன்மையை வாசலில் வைத்து அவமதித்துவிடுகிறார். பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லி வீடு பிடிக்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளிவிட்டு, அவரிடமே உண்மையாகப் பேசும் பண்பை எதிர்பார்க்க எவருக்கும் தகுதியில்லை. கேட்கத் தகுந்த கேள்விகள் வேறு: எத்தனை பேர் இருப்பீர்கள், என்ன வேலை, வீட்டில் தொழில் ஏதும் செய்வீர்களா, எவ்வளவு காலம் இருக்க எண்ணம்.

10. காலி செய்தல்

மாத வாடகைக்குப் பதினைந்து நாள் அறிவிப்பு போதும் என்று 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தங்களில் ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டின் நாட்காட்டி இந்தக் கணக்கில் சேராமல் நிற்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு மாறுவதில்லை. பால் காய்ச்சிக் குடிபுக நல்ல மாதம் பார்ப்பார்கள். ஆனிக் கடைசியில் ஒருவர் சட்டப்படி சரியாக அறிவிப்பு கொடுத்துவிட்டுக் கிளம்பினாலும் ஆவணி வரை அந்த வீடு பூட்டிக் கிடக்கும். பள்ளிச் சேர்க்கை முடிந்த பிறகு காலியாகும் வீட்டுக்கும் அதே நிலைதான். வைகாசியிலேயே சொல்லிவிடுபவர் வீட்டுக்காரருக்கு அந்த வாடகையை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார். அந்த வீட்டுக்கு அடுத்த குடும்பத்தைக் கொண்டுவந்து விடுபவரும் பல சமயம் அவரே.

அட்வான்ஸ் பற்றிய தகராறு பெரும்பாலும் குடிபுகுந்த நாளில் செய்யாமல் விட்ட வேலையால் வருகிறது. சாவி வாங்கும் அன்றே வீட்டுக்காரரோடு ஒவ்வோர் அறையாக நடந்து, வெடித்த ஓடு, ஆடும் தாழ்ப்பாள், சுவரின் ஆணித்துளை எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து இருவரும் பகிர்ந்துகொண்டால், போகும்போது எது பழையது, எது புதியது என்று வாதிட இடமில்லை. புழக்கத்தால் இயல்பாக வரும் தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்லர் என்பதைச் சட்டம் ஏற்கிறது. ஐந்து ஆண்டு இருந்த வீட்டில் வண்ணம் மங்கியதற்குப் பணம் பிடிப்பது இதன்படி செல்லாது. அலமாரிக் கதவைப் பெயர்த்ததற்குப் பிடிப்பது செல்லும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையை அளவாக வைத்து, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரச் சொல்கிறது. கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது ஊரில் சாதாரணம். வீட்டுக்காரர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் அதில் பிழையில்லை. கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் முகவரியை மாற்றிக்கொண்டு, கடைசி மின் கட்டணத்தின் அளவை இருவரும் குறித்து, எல்லாச் சாவிகளையும் எண்ணி ஒப்படைத்து, பணம் பெற்றதற்கும் தந்ததற்கும் ஒரே தாளில் இருவரும் கையெழுத்திட்டால் அந்தக் குடித்தனம் சட்டப்படியும் ஊர்முறைப்படியும் முடிந்ததாகும்.